எண்ணுக்குள் வராத அடி

2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் மணமான பெண்களில் 20.6 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். அதற்கும் பத்தாண்டு முன்னால் நடந்த மூன்றாவது ஆய்விலும் எண் ஏறக்குறைய 20தான். ஐந்தாவது ஆய்வில் அது ஒரேயடியாக 44.4க்கு ஏறி, நாட்டிலேயே மிக அதிகமான எண்ணாகிவிட்டது. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டதன் விளைவு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கர்நாடகத்தில் களப்பணி நடந்தது 2019இல், ஊரடங்கு என்ற சொல்லே புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு.

பத்தாண்டு காலம் அசையாமல் நின்ற ஒரு வழக்கம் அடுத்த ஐந்தாண்டில் இரண்டு மடங்காகப் பெருகிவிடுமா? ஒரு மாநிலத்துக் கணவன்மார்கள் கூடிப்பேசி முடிவெடுத்தாலும் அது நடக்காது. மாறியதில் பெரும்பங்கு, கேள்வி கேட்கப்பட்ட விதத்திலும் கேட்டவர்களிடமும் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் பழைய 20.6 என்ன எண்? அன்று வீடுகளில் என்ன நடந்தது என்பதன் எண்ணா, வந்து கேட்டவரிடம் எத்தனை பெண்களால் சொல்ல முடிந்தது என்பதன் எண்ணா?

பெண்கள் மீதான வன்முறையை ஆய்வுகள் வழியாக அளக்கும் முயற்சிக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதன் சிக்கல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். மழையளவைப் போலவோ நெல் விளைச்சலைப் போலவோ இது வெளியே நின்று அளக்கக்கூடியது அல்ல. அடி வாங்கியவர் வாயைத் திறந்தால்தான் எண் உண்டு. அவர் வாய் திறப்பது கேள்வியின் சொற்களையும், கேட்பவரின் முகத்தையும், அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இதை நன்றாகக் காட்டும் பழைய ஆய்வு ஒன்று கர்நாடகத்திலேயே நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் விஜயேந்திர ராவ் 1990களில் அங்கே சில கிராமங்களில் மண்பாண்டம் வனையும் குடும்பங்களிடையே ஆய்வு நடத்தினார். வினாத்தாளைக் கொண்டுபோய்க் கேட்டபோது கணவன் அடித்ததாகச் சொன்னவர்கள் சுமார் 22 சதவீதம். ஆனால் அதே ஊர்களில் உட்கார்ந்து, பழகி, மணிக்கணக்கில் பேசிக் கிடைத்த சித்திரத்தோடு இந்த எண் ஒட்டவில்லை. மறுபடி விசாரித்தபோது காரணம் தெரிந்தது. ஒன்றிரண்டு அறைகளை அடி என்றே பெண்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ‘அடிப்பது’ என்றால் அளவுக்கு மீறி, காரணமில்லாமல் அடிப்பது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. நம் ஊரிலும் ‘கை நீட்டுவாரு, ஆனா அடிக்கிற ஆளு இல்ல’ என்று ஒரே மூச்சில் சொல்லும் பெண்களை யாரும் பார்த்திருக்கலாம். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று பழமொழி செய்து வைத்திருக்கும் சமூகத்தில் இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே, ‘உங்களைக் கணவர் கொடுமைப்படுத்துவாரா?’ என்று கேட்கக்கூடாது என்பது ஆய்வாளர்கள் கற்ற முதல் பாடம். செயல்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த வழியைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ். 1975இல் அவர் குழு நாடு தழுவிய குடும்ப வன்முறை ஆய்வை நடத்தியது. தள்ளினாரா, அறைந்தாரா, உதைத்தாரா, கத்தியைக் காட்டி மிரட்டினாரா என்று ஏறுவரிசையில் கேட்கும் அளவுகோலை ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்டார். அதுவரை காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் மட்டுமே தென்பட்ட ஒன்று, சாதாரணக் குடும்பங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது அப்போதுதான் எண்ணாக வந்தது.

கூடவே ஒரு சண்டையும் வந்தது. ஸ்ட்ராஸின் அளவுகோலால் கணக்கெடுத்தபோது மனைவியர் அடிப்பதும் கணவன்மார் அடிப்பதும் ஏறக்குறையச் சமமாகத் தெரிந்தது. பெண்ணிய ஆய்வாளர்கள் கொதித்தார்கள், நியாயமாகவே. கழுத்தைப் பிடித்தவனைத் தள்ளிவிட்ட பெண்ணும் தள்ளியவர் கணக்கில்தான் வருவாள். முதலில் கை ஓங்கியது யார், எலும்பு முறிந்தது யாருக்கு, இரவில் பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்டது யார் என்பதையெல்லாம் அந்தப் பட்டியல் கேட்கவே இல்லை. 1996இல் அது திருத்தப்பட்டபோது காயமும் பாலியல் வற்புறுத்தலும் சேர்ந்தன. இதற்கிடையில் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் 1995இல் ஒரு விளக்கம் தந்தார். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாவது ஒரு வகை. ஒருவர் மற்றவரின் வாழ்க்கை முழுவதையும் அச்சத்தால் கட்டிப்போடுவது வேறொரு வகை. பொதுமக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் முதல் வகை நிறைய அகப்படும். காப்பகங்களுக்கு வரும் பெண்களிடம் தெரிவது இரண்டாம் வகை. இரு தரப்பும் ஆளுக்கொரு யானையைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது என் கணிப்பு. எது எப்படியோ, நமது தேசியக் குடும்பநல ஆய்வு இன்று கேட்பதும் ஸ்ட்ராஸ் பட்டியலின் திருத்திய வடிவத்தைத்தான்.

பாலியல் வன்முறையில் சொல்லின் சிக்கல் இன்னும் கூர்மையானது. அமெரிக்க உளவியலாளர் மேரி காஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில் 32 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 3,187 மாணவிகளிடம் கேட்டார். வன்புணர்வு என்ற சொல்லை நம்பாமல், என்ன நடந்தது என்பதை விவரித்து, அப்படி நடந்ததா என்று கேட்டார். பதினான்கு வயதுக்குப் பின் வன்புணர்வுக்கோ அதற்கான முயற்சிக்கோ ஆளானவர்கள் சுமார் 27 சதவீதம். சட்டப்படி வன்புணர்வு என்று சொல்லத்தக்கது நேர்ந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் அதை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. அவர்களே ஒப்புக்கொள்ளாததை நீங்கள் எப்படி வன்புணர்வு என்பீர்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நோயாளிக்கு நோயின் பெயர் தெரியாவிட்டால் நோயே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லையே.

இந்த இடத்தில் நம் நாட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். ‘நீங்கள் விரும்பாதபோதும் கணவர் உங்களை வலுக்கட்டாயமாக உடலுறவுக்கு உட்படுத்தினாரா?’ என்று குடும்பநல ஆய்வு கேட்கிறது. ஐந்தாவது ஆய்வில் ஏறத்தாழ 6 சதவீதம் மணமான பெண்கள் பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும், மனைவியிடம் கணவன் அப்படி நடந்துகொள்வதை வன்புணர்வு என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்கியே வைத்திருக்கிறது. ஒரே அரசின் ஒரு துறை எண்ணுவதை இன்னொரு துறை குற்றமாகவே பார்ப்பதில்லை.

கேள்வி சரியாக இருந்தாலும் போதாது என்பதற்கு நிகரகுவா சான்று. 1995இல் லியோன் நகரில் மேரி எல்ஸ்பெர்க்கும் அவருடைய நிகரகுவாத் தோழர்களும் நடத்திய ஆய்வில், 52 சதவீதப் பெண்கள் துணைவரிடம் உடல்ரீதியான வன்முறையை அனுபவித்திருந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் நடந்த இன்னொரு ஆய்வில் 69 சதவீதம். அதன் பின்னர் 1998இல் நாடு முழுவதும் நடந்த மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வில் கிடைத்ததோ 28 சதவீதம். எல்ஸ்பெர்க்கும் மற்றவர்களும் மூன்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். முதல் இரண்டும் வன்முறைக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பல கோணங்களில் பல தடவை கேட்டன. நேர்காணல் செய்தவர்களுக்கு நீண்ட பயிற்சி இருந்தது. மூன்றாவது ஆய்வில் குழந்தைப்பேறு, தடுப்பூசி, கருத்தடை என்று எல்லாம் கேட்டு முடித்து, களைத்துப்போன ஒரு வேளையில் இந்தக் கேள்விகள் வந்தன.

செர்பியாவில் இது சோதனையாகவே அமைந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுக்காக அங்கே ஒரு குழுவுக்கு விரிவான சிறப்புப் பயிற்சி தரப்பட்டது. ஆள் போதாமல், கருத்துக்கணிப்பில் பழகிய தொழில்முறை நேர்காணல்காரர்களை ஒரே நாள் பயிற்சியுடன் சேர்த்துக்கொண்டார்கள். வினாத்தாள் ஒன்றே, நகரமும் ஒன்றே. அனுபவசாலிகளிடம் வன்முறையைச் சொன்ன பெண்கள் 21 சதவீதம், பயிற்சி பெற்றவர்களிடம் சொன்னவர்கள் 26 சதவீதம். பேட்டிக்கே சம்மதித்தவர்கள் முன்னவர்களிடம் 86 சதவீதம், பின்னவர்களிடம் 93. நூற்றுக்கணக்கான வீடு ஏறி இறங்கிய அனுபவம் இங்கே உதவவில்லை. எதிரில் இருப்பவர் சொல்லப்போவதைக் கேட்டு முகம் சுளிக்காத பழக்கம் உதவியது.

அந்தப் பன்னாட்டு ஆய்வு இத்துறையின் மைல்கல். பத்து நாடுகள், பதினைந்து களங்கள், 24,097 பெண்கள். 2005இல் முடிவுகள் வந்தபோது, துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் சந்தித்தவர்கள் ஜப்பானிய நகரத்தில் 15 சதவீதமாகவும் எத்தியோப்பிய மாகாணத்தில் 71 சதவீதமாகவும் இருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த எண்களைவிட அவற்றைப் பெற்ற முறைதான் முக்கியம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பார்கள். மாமியாரிடமும் நாத்தனாரிடமும் அதே கேள்வியைக் கேட்டால் இவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அன்றிரவே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். வெளியே சொல்லும்போது ‘பெண்கள் உடல்நலம், வாழ்க்கை அனுபவம் பற்றிய ஆய்வு’ என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் ஏனையோரிடமும் அக்கம்பக்கத்திலும் ‘வன்முறை’ என்ற பேச்சே எழாது. பேசிக்கொண்டிருக்கும்போது கணவன் உள்ளே வந்துவிட்டால், நேர்காணல் செய்பவர் சட்டென்று மாதவிலக்கு பற்றிய வேறு கேள்வித்தாளுக்குத் தாவிவிடுவார். நாலைந்து கேள்வியில் கணவனே சங்கடப்பட்டு எழுந்து போய்விடுவான்.

சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமையை வாயால் சொல்ல முடியாதவர்களுக்காக ஓர் அட்டை இருந்தது. ஒரு பக்கம் சிரிக்கும் முகம், மறுபக்கம் அழும் முகம். பேட்டி முடியும் நேரத்தில் அதைப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் ஒன்றைக் குறித்து, உறையிலிட்டு ஒட்டித் தருவார். எந்தப் பெண் எதைக் குறித்தார் என்பது கேட்டவருக்குத் தெரியாது. பெரும்பாலான களங்களில், நேரில் கேட்டுக் கிடைத்ததைவிட அட்டையில் கூடுதலான பெண்கள் அழும் முகத்தைக் குறித்திருந்தார்கள்.

இந்தியாவின் குடும்பநல ஆய்வும் இந்த விதிகளில் பலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதை நடத்துகிறது. ஐந்தாவது ஆய்வில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பேட்டி கண்டார்கள். வன்முறைப் பகுதியைச் சுமார் 72,000 பேரிடம் மட்டுமே கேட்டார்கள். வீட்டுக்கு ஒருவர், தனிமை கிடைத்தால் மட்டும். நம் ஊரில் தனிமை என்பது எவ்வளவு அரிய பொருள் என்று சொல்லத் தேவையில்லை. ஒற்றை அறை வீட்டில், கையில் கணினியோடு யாரோ வந்திருக்கிறார்கள் என்றதும் திண்ணையில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். ரேஷன் அட்டைக்கா, உரிமைத்தொகைக்கா என்று எட்டிப்பார்ப்பவர்களை அனுப்பிவிட்டு, நீண்ட வினாத்தாளின் பிற்பகுதியில் இந்தப் பக்கத்துக்கு வரும்போது, அந்தக் களப்பணியாளர் அன்றைக்கு இன்னும் எத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற கணக்கும் அவர் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தம் எடுத்த அமைப்பு எது, அதன் மேற்பார்வை எப்படி என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கர்நாடகப் புதிருக்கு விடை தேடுபவர்கள் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

இனி கேரளம். ஐந்தாவது ஆய்வில் அங்கே 9.9 சதவீதம்தான். பெருமைக்குரிய எண் என்று தோன்றும். அதே ஆய்வில், மனைவியைக் கணவன் அடிப்பதற்கு நியாயம் உண்டு என்று பாதிக்கும் மேற்பட்ட கேரளப் பெண்கள் சொல்லியிருப்பதைப் பார்த்தால் சந்தேகம் வரும். உலக வங்கி ஆய்வாளர்கள் சிலர் கேரளத்தில் வேறொரு முறையைப் பயன்படுத்தினார்கள். பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்குச் சாதாரணமான சில வாக்கியங்களைப் படித்துக்காட்டி, இவற்றில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்பார்கள். எது எது என்று கேட்கமாட்டார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே வாக்கியங்களோடு, கணவன் அடித்திருக்கிறான் என்ற வாக்கியமும் சேர்ந்திருக்கும். இரு குழுக்களின் சராசரிக்கும் உள்ள வேறுபாடுதான் விடை. எந்தத் தனிப் பெண்ணும் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. இந்த வழியில் கேட்டபோது, நேரடியாகச் சொன்னதைவிட 9 சதவீதப் புள்ளிகளுக்கும் அதிகமாகக் குடும்ப வன்முறை மறைந்திருந்தது தெரியவந்தது. பேருந்தில் நடக்கும் சீண்டலைப் பற்றிக் கேட்டபோதோ மறைப்பு அநேகமாக இல்லை. பேருந்தில் எவனோ செய்ததை வெளியே சொல்லலாம். வீட்டில் நடப்பதைச் சொன்னால் மானம் போவது சொன்னவளுக்கு.

பெருவில் அகுவேரோ, ஃப்ரிசாஞ்சோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதே முறையில் கண்டது இன்னும் யோசிக்கவைப்பது. மொத்தத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் உயர்கல்வி பெற்ற பெண்கள் நேரடிக் கேள்வியில் வன்முறையை அதிகம் மறைத்தார்கள். கல்வி ஏற ஏற வன்முறை குறைகிறது என்று அட்டவணை போட்டு முடிவு சொல்லும் கட்டுரைகள் நம்மிடமும் ஏராளம். அவற்றில் எத்தனை, குறைந்த வன்முறையை அளந்தன, எத்தனை, கூடிய கௌரவத்தை அளந்தன?

இதற்காக எல்லா உயர்ந்த எண்ணையும் வெளிப்படைத்தன்மையின் பரிசு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் கேட்டு 2014இல் முடிவை வெளியிட்டது. பதினைந்து வயதுக்குப் பின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள் டென்மார்க்கில் 52 சதவீதம், ஸ்வீடனில் 46, போலந்தில் 19. பாலினச் சமத்துவத்தில் முன்னணியிலிருக்கும் நாடுகளில் ஏன் இவ்வளவு? அங்கே பெண்கள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள் என்பதே பலரும் சொன்ன பதில். ஆனால் ஸ்வீடனையும் ஸ்பெயினையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இரு நாட்டுப் பெண்களும் கேள்விகளை ஒரே விதமாகப் புரிந்துகொண்டு பதில் சொன்னார்களா என்று பிறகு சோதித்தார்கள். அளவுகோல் கோணவில்லை, ஸ்வீடனில் வன்முறை உண்மையிலேயே அதிகம் என்றுதான் முடிவு வந்தது. சௌகரியமான விளக்கங்களை இந்தத் துறை இப்படி அவ்வப்போது முறித்துப் போடும்.

எண்ணே அல்லாத எண்களும் உலவுகின்றன. 2018இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, பெண்களுக்கு உலகிலேயே ஆபத்தான நாடு இந்தியா என்று அறிவித்தது. நாடே கொந்தளித்தது, தேசிய மகளிர் ஆணையம் மறுத்தது, தொலைக்காட்சிகளில் நாள் கணக்கில் விவாதம் நடந்தது. அது 548 வல்லுநர்களிடம் கேட்ட அபிப்பிராயம். ஒரு பெண்ணிடமாவது உனக்கு என்ன நேர்ந்தது என்று அதில் கேட்கவில்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதை ஆய்வு என்றே நம்பிச் சண்டை போட்டார்கள்.

காவல்துறைக் கணக்கும் அளவுகோல் ஆகாது. கணவனும் அவன் உறவினரும் இழைத்த கொடுமை என்ற பிரிவில் 2022இல் இந்தியா முழுவதும் பதிவானவை சுமார் 1.4 லட்சம் வழக்குகள். குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் 29 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்தவர்கள், அதாவது கோடிக்கணக்கானவர்கள். நான்காவது ஆய்வில், வன்முறைக்கு ஆளானவர்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். மூன்றாவது ஆய்வில் நான்கில் ஒருவர் கேட்டிருந்தார். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006இல். அதற்குப் பிந்தைய பத்தாண்டில் உதவி கேட்டவர்களின் விகிதம் குறைந்திருக்கிறது. இது ஏன் சட்டமன்றங்களில் கேள்வியாகவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

ஐந்தாவது ஆய்வில் தமிழ்நாட்டின் எண் 38.1 சதவீதம். முந்தைய சுற்றுகளில் 40க்கு மேல் இருந்தது. கள ஆய்வு 2020 மார்ச்சில் ஊரடங்கால் நின்று, அந்த ஆண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கி, 2021 மார்ச்சில் முடிந்தது. குறைவு நல்ல செய்திதான், ஆனால் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டிய செய்தி. சொல்லாமல் வெளியே போவது, சமையலில் குறை, எதிர்த்துப் பேசுவது, மாமனார் மாமியாரை மதிக்காதது போன்ற ஏழு காரணங்களில் ஒன்றுக்காவது கணவன் அடிக்கலாம் என்று நாட்டில் 45 சதவீதப் பெண்கள் ஒப்புகிறார்கள். தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் ஒப்புகிறார்கள். அடி நியாயம் என்று நினைப்பவருக்கு அதைச் சொல்வதில் வெட்கமும் குறைவு. நாளை இந்த மனநிலை மாறி, அடிப்பது கேவலம் என்ற உணர்வு பரவும்போது, உண்மையான வன்முறை குறைவதற்கு முன்பே ஆய்வில் சொல்வது குறைந்துவிடக்கூடும். எண் இறங்குவதைப் பார்த்து அரசு வெற்றி விழா எடுக்கும் நாளில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வன்முறையை அளக்கும் வேலையில் இலங்கை நம்மை முந்தியிருக்கிறது. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, புள்ளிவிவரத் திணைக்களம் 2019இல் பெண்களின் நல்வாழ்வு ஆய்வு என்ற பெயரில், வன்முறைக்கென்றே தனியாக ஒரு தேசிய ஆய்வை நடத்தியது. துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள் 20.4 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். இந்தியாவில் அப்படித் தனியாக ஒரு தேசிய ஆய்வு இல்லை. 1990களின் பிற்பகுதியில் சென்னை, வேலூர் உள்ளிட்ட ஏழு இடங்களில் 9,938 பெண்களிடம் நடந்த ஆய்வு, பாதிப் பேர் ஏதாவதொரு வகை வன்முறையை அனுபவித்தவர்கள் என்று சொன்னது. அந்தத் தரத்தில் அதை நாடு முழுவதற்கும் விரித்திருக்க வேண்டும். குடும்பநல ஆய்வின் ஓர் அத்தியாயத்தோடு திருப்திப்பட்டுவிட்டோம்.

அந்த அத்தியாயத்துக்கு வயது வரம்பும் உண்டு. ஐந்தாவது ஆய்வு வரை, 49 வயதோடு அது நின்றுவிடுகிறது. மகனிடம் அடி வாங்கும் விதவைத் தாய் அதில் இல்லை. நாற்பது ஆண்டு அடி வாங்கிவிட்டு, இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று துணிந்து பேசக்கூடிய அறுபது வயதுப் பெண்ணும் இல்லை. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்கள் முதலில் அந்த வரம்பை எடுக்கட்டும். அறிக்கை வெளிவரும்போது செய்தியாளர்களும் மாநிலங்களின் தரவரிசையைத் தேடுவதற்கு முன், களப்பணியாளர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி தரப்பட்டது, தனிமை கிடைக்காமல் எத்தனை பேரிடம் கேட்காமல் விட்டார்கள் என்ற பக்கங்களைப் படிக்க வேண்டும்.